அவசர அழைப்பு மையங்களை இணையத்திலிருந்து பிரித்துவிடலாமா?

வைகைக்கரை:
2018 மார்ச்சில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். அங்கே 911 என்ற அவசர எண்ணுக்கு வரும் அழைப்புகளைப் பிரித்து வண்டிகளுக்கு அனுப்பும் கணினியில் கோளாறு பார்த்தவர், வெளியாட்களைத் தடுக்கும் ஃபயர்வாலில் ஒரு போர்ட்டை, அதாவது இணைப்பு வாசலைத் திறந்துவிட்டு மூடாமல் விட்டுவிட்டார். ஒரு நாளுக்குள் அந்த வழியாக, கணினியை முடக்கிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்துவிட்டது. ஏறக்குறைய 17 மணி நேரம், தானாக நடக்க வேண்டிய வேலையை ஊழியர்கள் கையால் செய்தார்கள். வெளியிணைப்பே இல்லையென்றால் திறக்க ஏது போர்ட்? அங்கே 911, இங்கே 108, 112, எதுவானாலும் சரி, இணையக் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும் என்கிறேன்.

சர்வர்ரூம்:
பிடுங்கிவிட்டால் வண்டியில் இருக்கும் டேப்லெட்டுக்கு விவரம் எப்படிப் போகும்? அழைத்தவர் நிற்கும் இடம் எப்படி வரும்?

சரி, பிடுங்கியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். 2017 ஏப்ரல் 7, டல்லஸ் நகரம், இரவு 11:40. சூறாவளி எச்சரிக்கைச் சைரன்கள் 156ம் ஒரே நேரத்தில் அலற ஆரம்பித்தன. யாரோ ரேடியோ சிக்னலை அனுப்பி அவற்றை முடுக்கிவிட்டிருந்தார்கள், இணையத்துக்கு அதில் பங்கே இல்லை. பயந்துபோன மக்கள் 911க்கு அழைத்தார்கள், சில மணி நேரத்தில் சுமார் 4,400 அழைப்புகள். 10 விநாடிக்குள் எடுக்க வேண்டிய போனுக்கு 6 நிமிடம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த நேரம் பார்த்து நிஜமாகவே மாரடைப்பு வந்தவர் வீட்டை யோசித்துப் பாருங்கள்.

அதற்கு முந்தைய அக்டோபரில் அரிசோனாவில் 18 வயதுப் பையன் ஒருவன் போட்ட லிங்கைத் தொட்ட ஐபோன்கள் தாமாகவே 911ஐத் திரும்பத் திரும்ப அழைத்தன. சர்ப்ரைஸ் என்ற ஒரே ஊரின் போலீசுக்கே சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட வெற்று அழைப்புகள் வந்தன. மையத்தின் கணினியை யாரும் தொடவில்லை. போன் லைனையும் பிடுங்கிவிடுவீர்களா?

வைகைக்கரை:
போன் லைன் வேறு. எல்லா வழியையும் அடைக்க முடியாது என்பதால் பெரிய வழியைத் திறந்து வைக்கலாமா? 2022 ஆகஸ்டில் பிரிட்டனின் 111 மருத்துவ உதவி எண்ணுக்கு மென்பொருள் தரும் தனியார் நிறுவனத்தில் ரான்சம்வேர் புகுந்தது. ஊழியர்கள் பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்தார்கள். எல்லாம் பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆனது. வெளி ஆளின் சர்வரை நம்பினால் இப்படித்தான் ஆகும்.

சர்வர்ரூம்:
அதே வழக்கின் மறுபாதியையும் சொல்லுங்கள். திருடர்கள் நுழைந்த கணக்குக்குக் கடவுச்சொல் மட்டும்தான் இருந்தது, ஓடிபி மாதிரி இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. அதற்காகத்தான் 2025 மார்ச்சில் அந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் விழுந்தது. தாழ்ப்பாள் போடாத வீட்டில் திருட்டுப் போனால் தாழ்ப்பாள் போடுவோமா, வாசலையே செங்கல் வைத்து அடைப்போமா?

நள்ளிரவு ஷிப்ட்:
ஆம்புலன்ஸ் அழைப்பு மையம் ஒன்றில் ஏழு வருடம் வேலை பார்த்தவள் நான். நீங்கள் இருவருமே கணினியைப் பற்றித்தான் பேசுகிறீர்கள்.

ஒரு மழைக்கால இரவில் எங்கள் ஸ்கிரீன்கள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றுபோயின. தாக்குதல் எல்லாம் இல்லை, சர்வர் கோளாறுதான். நாற்பது நிமிடம். அலமாரியில் இந்த மாதிரி நேரத்தில் அழைப்பு விவரம் எழுதவென்று அச்சடித்த படிவக் கட்டு இருந்தது. அதை எப்படி நிரப்புவது என்று அந்த ஷிப்டில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு வந்த அழைப்பில் ஒருவர், "கூட்டுரோடு தாண்டினா மில்லு வரும், அங்கதான் நிக்கிறோம்" என்றார். ஒரு மாவட்டத்தில் எத்தனை கூட்டுரோடு! மேப் இருந்தால் டவரைப் பார்த்திருப்பேன். "எந்த ஊர் பஸ்ஸில் அங்கே இறங்குவீங்க?" என்று கேட்டுத்தான் இடத்தைப் பிடித்தேன்.

அப்புறம் டிரைவருக்குச் சொல்ல வேண்டும். டிரைவர்களின் போன் நம்பர் பட்டியல் எங்கே இருந்தது தெரியுமா? அதே கணினிக்குள். பக்கத்து சீட்டு அண்ணனுக்கு நாலைந்து நம்பர்கள் மனப்பாடம், அதில் ஒருவர் அந்தப் பக்கம் இருந்தார். அன்றைக்குக் கைகொடுத்தது அந்த அண்ணனின் ஞாபகசக்தி ஒன்றுதான்.

தேனிக்காரன்:
அக்கா சொல்வது சரி. ஆனால் ஓட்டையை அடைக்காமல் படிவத்தை மட்டும் எத்தனை நாள் எழுதுவது? 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பிரிட்டன் மருத்துவமனைகளை முடக்கி, ஐந்து இடங்களில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களை வேறு இடத்துக்குத் திருப்பிவிட வைத்ததே, அந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே அப்டேட் தந்திருந்தது. போடவில்லை. 24 மணி நேரமும் ஓடும் இடத்தில் ரீஸ்டார்ட் செய்ய யாருக்குத் துணிச்சல் வரும்?

நள்ளிரவு ஷிப்ட்:
தம்பி, இரண்டையும் சேர்த்தே செய்யலாமே. மாதம் ஒரு முறை, அழைப்பு குறைவாக வரும் விடியற்காலை மூன்றரை மணிக்குப் அழைப்பு எடுப்பவர்களில் பாதிப் பேரைப் பேப்பருக்கு மாற்றுங்கள். மீதிப் பாதி கணினியிலேயே இருக்கட்டும். பேப்பர் பக்கத்துக் கணினிகளுக்கு அந்த ஒரு மணி நேரத்தில் அப்டேட் போடுங்கள், அடுத்த மாதம் மறுபாதி. அப்டேட்டும் ஆகும், கையும் பழகும்.

வைகைக்கரை:
அந்த ஒரு மணி நேரத்தில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால்? 2020ல் டுசல்டார்ஃப் பல்கலைக்கழக மருத்துவமனை முடங்கியபோது 78 வயது அம்மா ஒருவரை 30 கிலோமீட்டர் தள்ளி வுப்பர்டாலுக்குக் கொண்டுபோனார்கள். சிகிச்சை ஒரு மணி நேரம் தாமதமாகி இறந்துவிட்டார்.

சர்வர்ரூம்:
அவர் இறந்ததற்கு அந்தத் தாமதம்தான் காரணம் என்று நிரூபிக்க முடியாது என அரசு வழக்கறிஞர்களே பிறகு சொல்லிவிட்டார்கள். அந்தப் பழியை இதில் சேர்க்காதீர்கள். ஆனால் அக்காவின் யோசனையில் எனக்கும் ஒரு கேள்வி: அழைப்பு எடுக்கும் கணினிகளுக்குச் சரி, சர்வருக்கு அப்டேட் போட அதையே நிறுத்த வேண்டுமே? மாற்றுச் சர்வர் இல்லாத மையம் என்ன செய்யும்?

நள்ளிரவு ஷிப்ட்:
மாற்றுச் சர்வர் இல்லாத மையம் முதலில் அதை வாங்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. வைகைக்கரை, உங்கள் பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் பயிற்சி நேரத்தில் சீனியர்களைப் பேப்பர் பக்கம் உட்கார வைக்கச் சொல்வேன். அதற்கும் முன்னால், நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: டிரைவர்களின் போன் நம்பர்களைப் பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு மேஜையிலும் ஒட்டுங்கள்.