பையர்ஸ்ப்ரான் போனவர்கள் இருக்கிறீர்களா? சைவச் சாப்பாடு பற்றி உதவி வேண்டும்

வணக்கம். ஜெர்மனியின் கருங்காட்டில் பையர்ஸ்ப்ரான் என்ற சின்ன ஊரில் மட்டும் மிஷ்லின் உணவகக் கையேட்டின் உச்ச மதிப்பான மூன்று நட்சத்திரம் பெற்ற உணவகங்கள் இரண்டு: டோன்பாக் பள்ளத்தாக்கில் ஷ்வார்ட்ஸ்வால்ட்ஷ்டூபே (2020 ஜனவரியில் எரிந்துபோய்ப் புதிதாகக் கட்டியது), மிட்டல்டாலில் பாரைஸ். இரண்டில் ஒன்றில் மேஜை பதிய வேண்டும்.

'வெஜிடேரியன்' என்று மட்டும் எழுதினால் போதாது. சாஸுக்கு அடிப்படையே கன்றுக்குட்டி எலும்பை மணிக்கணக்கில் காய்ச்சி வற்றவைத்த சாறுதான். இனிப்பில் ஜெலட்டின் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது), சீஸில் ரென்னெட் (பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது). இதையெல்லாம் பதியும்போதே தனித்தனியாக எழுதிவிடலாம். முட்டையும் கூடாது என்றால் முழு மெனு தருவார்களா?

இன்னொன்று: பகலில் கோனுஸ் அட்டை (கருங்காட்டில் தங்கும் விருந்தினருக்குத் தருவது) காட்டினால் பேருந்து, ரயில் இலவசம். சாப்பாடு முடியவே நாலு மணி நேரம் ஆகும். ராத்திரி டாக்சிக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கணுமா, இல்லை ஹோட்டலிலேயே ஏற்பாடு செய்வார்களா?