புதுப்பிப்பு: குக்கர் பருப்பு சாதம் கைகொடுத்தது, விசில்தான் தொல்லை

குழந்தைக்கு 40 நாள், எங்கள் இருவருக்கும் சமைக்கத் தெரியாது, ராத்திரிக்கு என்ன செய்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது குக்கர் பருப்பு சாதம்தான். அரை டம்ளர் அரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு, 3 டம்ளர் தண்ணீர், மஞ்சள்தூள், சீரகம், நான்கு பல் பூண்டு, உப்பு. நறுக்க எதுவுமில்லை. இறக்கியதும் ஒரு கரண்டி நெய், தொட்டுக்கொள்ள அப்பளம். ரவையை மொத்தமாக வறுத்து வைத்ததில் உப்புமாவும் பத்து நிமிட வேலையாகிவிட்டது. மாவரைப்பது மட்டும் இப்போதைக்கு நடக்காது.

எதிர்பாராதது: முதல் விசிலுக்கே பிள்ளை அலறி எழுந்துவிட்டாள். அப்புறம், ஆவி வந்து வெயிட் போட்டதும் அடுப்பைச் சிம்மில் வைத்து, 15 நிமிடத்தில் அணைத்துவிடுகிறேன். பெரும்பாலும் விசில் வருவதில்லை. சாதம் நன்றாகக் குழைந்துவிடுகிறது.