வரம் பெற்றவரின் குணத்தைச் சோதிப்பதா, அவர் சொல்லும் வாக்கைச் சோதிப்பதா?

பெரோயா பட்டணத்தான்:
அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். விசுவாசத்தைப் புதுப்பிக்க நடத்தும் எழுப்புதல் கூட்டத்துக்கு, சுகமளித்தல், தீர்க்கதரிசனம் போன்ற ஆவியின் வரம் பெற்ற ஒருவரை அழைக்கும்போது அவர் ஜெபித்தால் எத்தனை பேர் சுகமானார்கள் என்று விசாரிக்கிறோமே தவிர, வீட்டில் அவர் எப்படிப்பட்டவர், தம்மிடம் வேலை செய்பவர்களை எப்படி நடத்துகிறார், காணிக்கைக்குக் கணக்குக் கொடுக்கிறாரா என்று விசாரிப்பதில்லை. மத்தேயு 7ஆம் அதிகாரத்தில், உமது நாமத்தினாலே தீர்க்கதரிசனம் சொன்னோம், பிசாசுகளைத் துரத்தினோம் என்று வருகிறவர்களிடம், அதெல்லாம் பொய் என்று ஆண்டவர் சொல்லவில்லை. அவை நடந்திருந்தும், அக்கிரமச் செய்கைக்காரரே, அகன்றுபோங்கள் என்கிறார். பழைய ஏற்பாட்டின் பிலேயாம் உண்மையான தீர்க்கதரிசனமே உரைத்தான், ஆனாலும் கூலிக்கு ஆசைப்பட்டவன். ஆதிச் சபையின் ‘டிடாக்கே’ என்னும் ஒழுங்குநூல், ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தனக்குப் பணம் கேட்கிறவனைக் கள்ளத் தீர்க்கதரிசி என்றே ஒதுக்குகிறது. ஆகவே கலாத்தியர் 5இல் சொல்லப்பட்ட அன்பு, சாந்தம், இச்சையடக்கம் முதலான ஆவியின் கனி ஒருவரிடம் தெரியும்வரை, எந்த வரம் இருந்தாலும் அவரை மேடையேற்றக் கூடாது என்பது என் துணிபு.

மேல்வீட்டறை:
சகோதரரே, நீங்கள் காட்டிய வசனங்களை மறுக்கவில்லை. ஆனால் பவுல் நிருபம் எழுதிய கொரிந்து சபையை விட்டுவிட்டீர்கள். விபசாரம், வழக்குகள், கர்த்தருடைய பந்தியிலேயே வெறித்திருத்தல் எல்லாம் அங்கே இருந்தன. இருந்தும் அவர்கள் எந்த வரத்திலும் குறைவில்லாதவர்கள் என்று பவுல் முதல் அதிகாரத்திலேயே ஒப்புக்கொள்கிறார். அவர்களுடைய குணம் சீர்ப்படும்வரை தீர்க்கதரிசனத்தை நிறுத்திவையுங்கள் என்று அவர் எழுதவில்லை. இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள் என்று பேசுகிற ஒழுங்கைத்தான் கட்டளையிட்டார். வரம் கிருபையாகக் கிடைப்பது, நன்னடத்தைக்குக் கிடைக்கும் கூலி அல்ல.

இதில் எனக்குள்ள பெரிய அச்சம் வேறு. குணத்தைப் பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு மனிதர் பார்ப்பது பெரும்பாலும் குலத்தையும் படிப்பையும் குடும்பப் பெருமையையும்தான். 1860இல் தமிழ்நாட்டின் கிறிஸ்தியான்பேட்டையில் எழுப்புதல் தொடங்கியபோது அதன் நடுவில் இருந்த ஜான் கிறிஸ்டியான் அருளப்பன், திருநெல்வேலி மிஷனெரி ரேனியஸ் ஐயரிடம் கற்றவராயினும், குருப்பட்டம் பெறாதவர், மிஷன் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தவர். அங்கே பெண்களும் எளியவர்களும் தீர்க்கதரிசனம் உரைத்தார்கள், அந்நியபாஷை பேசினார்கள், பாவத்தை உணர்ந்து நடுங்கி விழுந்தார்கள். தகுதிச் சான்று வாங்கிவந்தவரே வாய் திறக்கலாம் என்று அன்று ஒரு விதி இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் பேசியிருப்பார்கள்? லாஸ் ஏஞ்சலஸில் 1906இல் அசூசா தெரு எழுப்புதலை நடத்திய வில்லியம் சீமோர் அடிமைகளாயிருந்தவர்களின் மகன். ஹூஸ்டனில் பெந்தெகொஸ்தே போதகர் சார்லஸ் பார்ஹாமின் வேத வகுப்பில் வெள்ளையரோடு உட்கார இடமில்லாமல் அறைக்கு வெளியே இருந்து கேட்டவர். அதே பார்ஹாம் பின்பு அசூசா தெருவுக்கு வந்து, இரு இனத்தாரும் கலந்து ஆராதித்ததைக் கண்டு அருவருத்துப் பேசினார். தகுதியைத் தீர்மானிக்கும் இடத்தில் அன்று இருந்தவர் அவர்தான்.

வரலாற்று மாணவி:
இரண்டு அண்ணன்மாரும் ஒரு வழக்கைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டுகிறேன். அருளப்பன் காலத்து அலை மேற்கே திருவிதாங்கூருக்கும் பரவியது. 1873 வாக்கில் அங்கே எழுந்த எழுப்புதலுக்குத் தலைமை தாங்கியவர்களில் முக்கியமானவர் யுஸ்துஸ் யோசேப்பு. பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்துவை ஏற்று, சர்ச் மிஷனெரி சங்கத்தின் கீழ் குருப்பட்டம் பெற்று, வித்துவான்குட்டி என்று அழைக்கப்பட்டவர். அவர் மலையாளத்தில் இயற்றிய கீர்த்தனைகளைக் கேரளச் சபைகள் இன்றும் பாடுகின்றன. பணத்தாசையோ ஒழுக்கக்கேடோ அவர்மேல் சுமத்தப்பட்டதாக நான் எங்கும் படித்ததில்லை. ஆயினும், இன்னும் ஆறு ஆண்டுகளில், 1881இல், கிறிஸ்து வருவார் என்று அந்தக் கூட்டத்தில் 1875இல் பிறந்த தீர்க்கதரிசனத்தை அவர் ஏற்றுப் பிரசங்கித்தார். அந்த ஆண்டு வந்து போயிற்று. கூட்டமோ யுயோமயம் என்ற தனி மார்க்கமாகப் பிரிந்தது.

பெரோயா அண்ணன் சொல்லும் சோதனையில் இவர் தேறியிருப்பார். அவருடைய நற்பெயரே அந்தத் தேதியை ஜனங்கள் நம்புவதற்கு ஏதுவாயிற்று என்பதுதான் வேதனை. குணம் ஆளைக் குறித்துச் சாட்சி சொல்லும்; அவர் உரைத்த வாக்கைக் குறித்துச் சொல்லாது.

மேல்வீட்டறை அண்ணனுக்கும் ஒன்று. வேல்ஸ் எழுப்புதலின் இவான் ராபர்ட்ஸ் 1904இல் தொடங்கும்போது 26 வயது இளைஞர். அவருடைய உண்மையான பாரத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஓயாத கூட்டங்களுக்கு நடுவே, இங்கே ஒருவர் ஆவியானவருக்குத் தடையாயிருக்கிறார் என்று சபை நடுவில் அறிவிப்பதும், 1905இன் தொடக்கத்தில் ஒரு வாரம் யாரோடும் பேசாமல் ஒதுங்கியிருந்ததும், 1906இல் உடலும் மனமும் தளர்ந்து பொது ஊழியத்தைவிட்டே விலகியதும் நடந்தன. பீட்டர் பிரைஸ் என்ற போதகர் 1905 ஜனவரியில் எழுப்பிய கண்டனம் செய்தித்தாளில் வெளிவந்தது, அதுவும் கடுமையான தொனியில். மற்றவர்கள் நிதானிக்க வேண்டிய இடம் பத்திரிகையா, சபையா?

பெரோயா பட்டணத்தான்:
தங்கை சொன்ன திருவிதாங்கூர் வழக்கு என் வாதத்தை வீழ்த்தவில்லை. குணம் என்றால் பணத்திலும் பெண்களிடத்திலும் குற்றமில்லாமை மட்டுமா? திருத்தப்படுவதற்கு இணங்குகிற மனமும் ஆவியின் கனிதானே. சாந்தம் என்று நம் வேதாகமம் அதைத்தானே சொல்கிறது? அமெரிக்காவில் ஜேம்ஸ் டேவன்போர்ட் என்ற எழுப்புதல் பிரசங்கியார் 1743 மார்ச்சில் நியூ லண்டன் துறைமுகத்தில் பக்தி நூல்களையே குவித்து எரிக்கச் செய்தார். மறுநாள் ஆடைகளையும் எரிக்கச் சொல்லித் தம் காற்சட்டையையே குவியலில் போட்டார். (பின்பற்றினவர்களுக்கே அப்போதுதான் புத்தி தெளிந்தது போலும்.) உடன் ஊழியர்கள் இருவர் பொறுமையாகப் பேசிப் புரியவைத்த பிறகு, 1744இல் தம் தவறுகளை ஒவ்வொன்றாக எழுதி அச்சிட்டு வெளியிட்டார். யுஸ்துஸ் யோசேப்போ தேதி பொய்த்த பின்னும் புது விளக்கம் தேடினார். இருவருக்கும் நடுவிலுள்ள வேறுபாடு வரத்தில் இல்லை, குணத்தில் இருக்கிறது.

மேல்வீட்டறை:
டேவன்போர்ட்டின் மனமாற்றம் அழகானது, ஆனால் அது நெருப்பு மூட்டிய பிறகு வந்தது. முன்கூட்டியே குணத்தைக் கணித்துத் தடுப்பதைப் பற்றியல்லவா நாம் பேசுகிறோம்? அதே காலத்தில் மெய்யான ஆவியின் கிரியைக்கு அடையாளங்கள் எவையென்று 1741இல் யேல் கல்லூரியில் உரையாற்றிய அமெரிக்கப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ், அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் நியூபோர்ட்டில் ஒரு கறுப்பினச் சிறுமியை விலைகொடுத்து அடிமையாக வாங்கியவர். அவருடைய சபை அதைக் குணக்கேடாகவே கண்டதில்லை. ஊர் முழுவதும் சேர்ந்து செய்கிற பாவம் எந்தக் குணச் சோதனையிலும் சிக்காது. ஆனால் அழுகையும் நடுக்கமும் விழுதலும் ஒரு கிரியையை மெய்யென்றும் காட்டாது, பொய்யென்றும் காட்டாது என்று அந்த உரையில் அவர் சொன்னது இன்றும் பயன்படுகிறது. இந்த மனிதர் சொன்னது என்று தள்ளிவிடாமல், வாக்கை வாக்காகச் சோதித்ததால்தான் அதை நாம் எடுத்துக்கொள்ள முடிகிறது.

1875இல் பிறந்த அந்தத் தீர்க்கதரிசனத்தைச் சோதிக்க ஆறு ஆண்டுகள் காத்திருக்கவும் வேண்டியதில்லை. அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர்தவிர மற்றொருவரும் அறியார்கள் என்ற மத்தேயு 24ஆம் அதிகாரம் அவர்கள் கையிலேயே இருந்தது.

வரலாற்று மாணவி:
கையில் இருந்தது அண்ணா, ஆனால் எழுந்து நின்று அதை வாசித்துக் காட்ட அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு இடமிருந்ததா? இன்றைய கன்வென்ஷன் பந்தலிலும் ஒரே மைக், அதுவும் ஒருவர் கையில். கூட்டத்திலிருந்து ஒருவரை எழுப்பி, இந்த மருந்தை நிறுத்து, இந்த வரனை விட்டுவிடு என்று சொல்லும்போது நிதானிக்க யாரும் இல்லை, கேட்டவர் தனியாக வீட்டுக்குப் போகிறார். திருமணம், சொத்து, மருத்துவம் பற்றிய எந்த வாக்கையும் மேடையில் சொல்லாமல், சபை மூப்பர் இரண்டு மூன்று பேர் முன்னிலையில் சொல்லி எழுதிவைக்க வேண்டும் என்றும், காணிக்கையை அழைத்த சபையே எண்ணிக் கணக்கு வைக்க வேண்டும் என்றும் அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடலாம். இதற்கு ஒப்பாதவர் வரவேண்டாம்.

பெரோயா பட்டணத்தான்:
ஒப்புகிறாரா இல்லையா என்று பார்ப்பதே குணச் சோதனைதான், தங்கையே. மேல்வீட்டறைச் சகோதரரிடம் நேராகவே கேட்கிறேன்: சபை ஒழுங்கு நடவடிக்கையில் இருக்கும் ஒருவர் வரும் ஞாயிற்றுக்கிழமை தமக்கு ஒரு தீர்க்கதரிசனம் உண்டென்று எழுந்தால் மைக்கைக் கொடுப்பீர்களா?

மேல்வீட்டறை:
பிரசங்க பீடத்தைக் கொடுக்க மாட்டேன். கண்காணிக்கும் பொறுப்புக்கு 1 தீமோத்தேயு 3 நிபந்தனை விதித்திருக்கிறது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மூப்பர்களோடு ஓர் அறையில் உட்கார்ந்து அவர் சொல்வதைக் கடைசிவரை கேட்பேன்.

பெரோயா பட்டணத்தான்:
கேளுங்கள். அதைச் சபையில் அறிவிக்கும் முன் அவரை இன்னும் ஓர் ஆண்டு பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.