பொருள்: நினைவு மலர் வரைவில் "ஐம்பது ஆண்டுகள்" என்று வரும் வரி

அன்பார்ந்த இறம்பொடை உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் நினைவு மலருக்காகச் சென்ற வாரம் அனுப்பப்பட்ட வரைவை இரண்டு முறை படித்தேன். மலையகத் தோட்டத் தொழிலாளரின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்களைப் பற்றிய பக்கத்தில், "ஐம்பது ஆண்டுகள் இடையறாது மக்களால் தெரிவுசெய்யப்பட்டவர்" என்று ஒரு வரி வருகிறது. எழுதிய தம்பியின் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வரி உண்மையன்று. அவருடைய வேவண்டன் தோட்டத்தைக் கண்ணெதிரே பார்த்து வளர்ந்த நாமே இதைப் பிழையாக அச்சிட்டால், வெளியில் யாரிடம் போய்த் திருத்தம் கேட்பது?

அவர் முதன்முதலாகப் பாராளுமன்றம் சென்றது 1947இல். மறைந்தது 1999 ஒக்டோபர் 30ஆம் திகதி. இந்த 52 ஆண்டுகளில், தொகுதி முறை நடைமுறையில் இருந்த காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும், ஒரு தொகுதியின் வாக்காளர்கள் வாக்களித்து அவரை அனுப்பியது இரண்டே முறை: 1947இல் நுவரெலியா, 1977இல் நுவரெலியா–மஸ்கெலியா. இடையில் 30 ஆண்டுகள். அந்த இடைவெளியை மறைத்துவிட்டு அவருடைய அரசியல் வாழ்வை எழுத முடியாது என்பதே என் கருத்து.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியாவில் அவரை எதிர்த்து நின்றவர்களில் ஜேம்ஸ் ரி. இரத்தினமும் ஒருவர், பிற்காலத்தில் வரலாற்று ஆய்வாளராக அறியப்பட்டவர். அன்று அவருடைய இலங்கை இந்தியன் காங்கிரஸ் (பின்னாளில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இ.தொ.கா.) சார்பில் தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி.ஆர். மோத்தா, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் ஆகியோரும் வென்றார்கள். தோட்டத்து வாக்குகள் வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்களுக்கும் கைகொடுத்தன. அந்த வெற்றிதான் நமக்கு வினையாக முடிந்தது என்று எங்கள் தாத்தா அடிக்கடி சொல்வார். அவர் அரசியல் படித்தவர் அல்லர், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர்; இருந்தாலும் அவர் சொன்னதில் பிழை இல்லை.

அதற்குப் பின் நடந்தவற்றை ஆண்டு வரிசையில் மலரில் கொடுப்பது நல்லது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, இந்திய வம்சாவளித் தோட்ட மக்களில் பெரும்பாலோரைப் பிரஜைகள் அல்லாதவர்களாக்கியது. அடுத்த ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. அதே 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜை அல்லாதவரின் பெயர் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கியது. 1947இல் வாக்களித்த எங்கள் தாத்தாவின் பெயர் அடுத்த இடாப்பில் இல்லை. அந்த வதிவாளர் சட்டத்தின்படி பிரஜாவுரிமை கேட்பவர், திருமணமானவராக இருந்தால் ஏழு ஆண்டுகளும், ஆகாதவராக இருந்தால் பத்து ஆண்டுகளும் தொடர்ந்து இந்நாட்டில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். லயத்துக் காம்பிராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், குடியிருந்தவனிடம் எந்தப் பத்திரம் இருக்கும்? இந்தியாவிலுள்ள ஊருக்கு ஒருமுறை போய்வந்தவன் அந்தப் பயணத்துக்கே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. காங்கிரஸ் முதலில் இந்தச் சட்டத்தைப் பகிஷ்கரித்து, காலக்கெடு நெருங்கிய பின்னரே விண்ணப்பிக்கச் சொன்னது. 8 இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு மட்டுமே. பகிஷ்கரிப்பில் கழிந்த மாதங்கள் வீண் என்று நான் நினைக்கிறேன். இதை மலரில் சேர்க்க வேண்டாம் என்று சிலர் கூறலாம். சேர்த்தால் அவர் மதிப்பு குறைந்துவிடாது.

1952ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை. வாக்கு இல்லாதவர்களின் தலைவருக்கு மீதியிருந்த வழி சத்தியாக்கிரகம். அதை அவர் அந்த ஆண்டே கொழும்பில் நடத்தினார்.

இனி நியமன ஆசனங்கள். வரைவில் இச்சொல்லே இல்லை. இளையவர்கள் பலர் இதைக் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார்கள். சோல்பரி அரசியலமைப்பின்படி, தேர்தலில் போதிய பிரதிநிதித்துவம் பெறாத நலன்களுக்காக ஆறு உறுப்பினர்களை மகாதேசாதிபதி நியமிக்கலாம். நடைமுறையில் அது பிரதமரின் தெரிவாகவே இருந்தது. 1960 ஜூலைத் தேர்தலுக்குப் பின் சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சியிலும், 1965இல் டட்லி சேனநாயக்க ஆட்சியிலும் தொண்டமான் அப்படி நியமனம் பெற்றவர். 1970இல் அந்த ஆசனம் அவருக்குக் கிடைக்கவில்லை. பழைய தோழரும், பிரிந்துபோய் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரசை நடத்தியவருமான ஏ. அஸீஸ் அவர்களுக்குப் போயிற்று. நியமன ஆசனத்தின் பலம் எவ்வளவு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரின் கதியைப் பிறகு பார்ப்பதாக ஒத்திவைத்தது. அவர் அதை எதிர்த்தார். எதிர்த்தும் தடுக்க முடியவில்லை. தமிழ்நாட்டின் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருந்து இம்மடலைப் படிக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் விழுந்தவர்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஆசனம் பிரதமர் கையில் இருந்தபோதும் அவரை அரசாங்கங்கள் பொருட்படுத்தியதற்குக் காரணம் வேறு. செக்ரோலில் (தோட்டச் சம்பளப் பதிவேட்டில்) மாதாமாதம் பிடிக்கப்பட்ட தொழிற்சங்கச் சந்தாதான் அவருடைய வாக்காளர் இடாப்பு. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் சொன்னால் மறுநாள் கொழுந்து மலையிலேயே நிற்கும் என்பது கொழும்பிலிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

1972இல் அவர் செல்வநாயகத்துடனும் ஜீ.ஜீ. பொன்னம்பலத்துடனும் தமிழர் கூட்டணியில் இணைந்தார். 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் வந்தபோது இ.தொ.கா. விலகி நின்றது. நம் மக்கள் வாழ்ந்த இடத்தை நோக்கினால் வேறு முடிவுக்கு இடமிருந்ததாக எனக்குத் தோன்றவில்லை; இதில் யாழ்ப்பாணத்து நண்பர்கள் சிலருடன் எனக்கு இன்றும் வாதம் உண்டு.

1977 ஜூலைத் தேர்தலைப் பற்றி வரைவில் ஒரே வாக்கியம்தான் இருக்கிறது. நான் கேட்பது ஒரு முழுப் பத்தி. நுவரெலியா–மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியாக அமைக்கப்பட்டது. அத்தகைய தொகுதியில் ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று வாக்குகள். அவற்றை மூவருக்குப் பகிரலாம், மூன்றையும் ஒருவருக்கே போடவும் செய்யலாம். பெரும்பான்மை அல்லாத மக்கள் தம் வாக்குகளை ஒரே இடத்தில் குவித்தால் முதலிடம் வராவிட்டாலும் மூன்றாம் இடம் வரும் என்பதே அந்தக் கணக்கு. அப்பா அப்போதுதான் பிரஜாவுரிமை பெற்று முதல் தடவையாக வாக்களித்தார். "மூணையும் பெரியவருக்கே போடு" என்று லயம் லயமாகப் போய்ச் சொல்லிக்கொடுத்ததாகவும், புள்ளடியைத் தவறாகப் போட்டுவிடுவோமோ என்ற பயத்தில் அம்மாயி முதல் நாள் இரவு கரித்துண்டால் சுவரில் போட்டுப் பழகியதாகவும் அவர் சொல்வார். முடிவில் ஐக்கிய தேசியக் கட்சியின் காமினி திசாநாயக்க முதலாவது, சுதந்திரக் கட்சியின் அனுர பண்டாரநாயக்க இரண்டாவது, தொண்டமான் மூன்றாவது உறுப்பினராகத் தெரிவானார்கள். மூன்றாம் இடம் என்று எழுதக் கூச்சப்பட வேண்டியதில்லை. பிரஜாவுரிமை பெற்றவர்கள் சிறு தொகையினராக இருந்த காலத்தில் கிடைத்த இடம் அது.

1978இல் அவர் ஜே.ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவையில் சேர்ந்தார். அதன் பின் வந்த ஜனாதிபதிகளின் கீழும் அமைச்சராகவே இருந்தார். 1983 ஜூலைக்குப் பின்னும் அந்த அமைச்சரவையில் ஏன் நீடித்தார் என்ற கேள்வியை எங்கள் வீட்டிலேயே பலர் கேட்டார்கள். எனக்கும் அதில் முழு நிறைவு இல்லை. ஆனால் உள்ளிருந்தபடியே 1984 ஏப்ரலில் வேலைநிறுத்தம் செய்து ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் பெற்றதும், 1986 தைப்பொங்கலன்று பிரஜாவுரிமை கேட்டுப் பிரார்த்தனை இயக்கம் தொடங்கியதும், நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கிய அந்த ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும், பிரஜாவுரிமைக்குச் சத்தியக் கடதாசி ஒன்றே போதும் என்றாக்கிய 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் அந்தக் காலத்தில்தான் வந்தன. 1988 டிசம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் பிரேமதாச தேவையான பாதியை மயிரிழையில் தாண்டி 50.43 வீத வாக்குகளால் வென்றார், புதிய பிரஜைகள் புதிய வாக்காளர்களும் ஆவார்கள் என்பதோடு சேர்த்துப் பார்த்தால், அந்த இரண்டாவது சட்டம் ஏன் அந்த நேரத்தில் அவ்வளவு விரைவாக நிறைவேறியது என்பது விளங்கும். அரசாங்கங்கள் நம் மீது இரக்கம் கொண்டன என்று தயவுசெய்து எழுத வேண்டாம்.

விகிதாசார முறை வந்த பின் நடந்தவை பலருக்கும் நினைவிருக்கும். அவருடைய இறுதிக்கால ஆசனம் கட்சி பெயரிடும் தேசியப் பட்டியல் வழியாக வந்தது. மாவட்டத்து விருப்பு வாக்குகளைத் திரட்டும் வேலை 1994இல் பேரன் ஆறுமுகன் கைக்குப் போயிற்று. ஆறுமுகன் 2020 மே மாதம் காலமானதும், ஆகஸ்டுத் தேர்தலில் அவர் மகன் ஜீவன் பொதுஜன பெரமுனவின் மொட்டுச் சின்னத்தில் வென்றார், 2024இல் ஐக்கிய தேசியக் கட்சியின் யானைச் சின்னத்தில் வென்றார். அந்த 2024 நவம்பர் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் தேசிய மக்கள் சக்தியின் சார்பில் தெரிவாயினர். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்களாக இருக்கும் மலையகத்தில், மக்கள் வாக்கால் பெண்கள் பாராளுமன்றம் செல்ல இவ்வளவு காலம் பிடித்தது என்பதும் மலரில் வரத்தக்க செய்தியே. வரைவில் குடும்பப் படங்களுக்கு ஒதுக்கிய இரண்டு பக்கங்களில் ஒன்றை இதற்குத் தரலாம்.

ஆகவே, குறித்த வரியை நீக்கி, "1947இல் தெரிவானார்; வாக்குரிமை பறிக்கப்பட்ட மக்களின் தலைவராக 1960களில் நியமன உறுப்பினராக இருந்தார்; 1977இல் மீண்டும் தெரிவானார்" என்று போடுமாறு மலர்க் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழின் படி ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். ஓரம் கறையான் அரித்திருந்தாலும் முத்திரை தெளிவாக இருக்கிறது. 1977ஆம் ஆண்டு வாக்காளர் அட்டையை யாராவது வைத்திருந்தால், மாத முடிவுக்குள் படமெடுத்து அனுப்பி உதவுங்கள். எங்கள் வீட்டில் இருந்ததை அம்மாயி சாமிப்படத்துக்குப் பின்னால் செருகியிருந்தார். லயம் மாறியபோது படம் வந்தது, அட்டை வரவில்லை.