மூச்சில் பயன்படாத 150 மில்லியைப் பசங்களுக்குக் காட்டுவது எப்படி?

வணக்கங்க. கோபி பக்கம் பிளஸ் ஒன் பசங்களுக்கு உயிரியல் எடுக்கிறேன். ஒரு மூச்சில் இழுக்கும் சுமார் 500 மில்லி காற்றில் 150 மில்லி மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாயிலேயே நின்றுவிடும், ரத்தத்தில் சேராது. இந்த இடத்துக்குத்தான் டெட் ஸ்பேஸ் என்று பெயர். இதைச் சொன்னதும் ஒருவன், "கிணத்துல முங்கிட்டு நீளமான ஓஸ்ல மூச்சு விட்டா?" என்றான். நல்ல கேள்விதான். ஓஸும் அந்த இடத்தோடு சேர்ந்துகொள்ளும், விட்ட காற்றையே திரும்ப இழுப்பான். தண்ணீரின் அழுத்தம் வேறு நெஞ்சை அமுக்கும். செய்து பார்த்துவிடாதே என்று அதட்டி வைத்திருக்கிறேன்.

கணக்கு புரிந்துவிட்டது, கண்ணால் பார்க்க வேண்டுமாம். வெளிவிடும் மூச்சின் முதல் பகுதியையும் (டெட் ஸ்பேஸில் நின்ற காற்று, கார்பன் டை ஆக்சைடு குறைவு) கடைசிப் பகுதியையும் தனித்தனிப் பையில் பிடித்து, தெளிந்த சுண்ணாம்பு நீரில் விட்டால் பால்நிறம் மாறுவதில் வித்தியாசம் தெரியுமா? யாராவது செய்திருந்தால், காற்றை எப்படிப் பிரித்துப் பிடித்தீர்கள் என்று சொல்லுங்க.