கிரைண்டரில் ஷாக் அடிக்கிறது, முதலாளி அசையவில்லை: புகார் கொடுப்பது எப்படி?

வணக்கம். நான் வேலை பார்க்கும் கிழக்கு லண்டன் உணவகத்தில், கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்த 10 லிட்டர் டில்டிங் கிரைண்டரின் எஃகு உடலை ஈரக்கையால் தொட்டால், ஒரு மாதமாகச் சுரீரென்று ஷாக் அடிக்கிறது. பிளக்கையும் 13 ஆம்பியர் ஃபியூஸையும் மாற்றினோம்; வேறு சாக்கெட்டிலும் செருகிப் பார்த்தோம்; பலனில்லை. மோட்டார் அருகே ஒயரின் உறை வெடித்திருக்கிறது.

சென்ற ஆண்டு மின் பாதுகாப்புச் சோதனையில் தேறியதாக ஒட்டிய பச்சை 'பாஸ்' ஸ்டிக்கரைக் காட்டி, ஆண்டுதோறும் சோதிக்கச் சட்டம் சொல்லவில்லை என்கிறார் முதலாளி. அது உண்மைதான், ஆனால் பணியிட மின்சாரம் குறித்த 1989ஆம் ஆண்டு விதிகள், சோதனைக்குக் கால இடைவெளி குறிக்காவிட்டாலும், சாதனங்களை ஆபத்தில்லாமல் பராமரிக்கும் கடமையை அவர்மீதே சுமத்துகின்றன. எழுத்து மூலம் கேட்டும் பதிலில்லை. மாவு மட்டும் தினமும் அரைபட்டாக வேண்டும்.

உணவகங்களைக் கண்காணிப்பது உள்ளூர் கவுன்சில் என்பதால், என் பெயர் முதலாளிக்குத் தெரியாதபடி அங்கே புகார் கொடுப்பது எப்படி?