பி.எஸ்சி. இயற்பியல் முடித்தாயிற்று: ஆசிரியர் வேலை, கோடிங் தவிர வேறு என்ன இருக்கிறது?

மங்கலான வளையம்:
கடைசி செமஸ்டர் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறேன். யாரைக் கேட்டாலும் இரண்டே பதில்தான் வருகிறது, "டீச்சர் ஆகலாம்", இல்லையென்றால் "பேசாமல் கோடிங் கத்துக்கோ". இரண்டையும் மட்டம் தட்டவில்லை, ஆனால் படித்த இயற்பியலுக்கு வேறு எங்குமே வேலை இல்லையா? வேலைத் தளங்களில் இயற்பியலாளர் என்று தேடினால் பி.எச்டி. கேட்கும் ஆராய்ச்சிப் பணிகள்தான் வரிசையாக வந்து நிற்கின்றன. எனக்குப் பிடித்தது லேப். மைக்கேல்சன் இன்டர்ஃபெரோமீட்டரில் (ஒளியை இரண்டாகப் பிரித்து மறுபடி சேர்க்கும் கருவி) வளையம் தெளிவாகத் தெரியும்வரை திருகிக்கொண்டே இருப்பேன். குவாண்டம் மெக்கானிக்ஸில் மார்க் வந்தது, மனசு ஒட்டவில்லை. பைத்தான் சுமாராகத் தெரியும். எம்.எஸ்சி. படிக்கத் தயார், பி.எச்டி. இப்போதைக்கு வேண்டாம். இயற்பியல் படித்துவிட்டு வேறு வேலையில் இருப்பவர்கள், தினமும் அங்கே என்ன செய்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், அறிவுரைகூட வேண்டாம்.

தண்ணீர்த் தொட்டி:
நான் மருத்துவ இயற்பியலாளர், மருத்துவமனையில் புற்றுநோய்க் கதிர்வீச்சுப் பிரிவில் இருக்கிறேன். காலையில் முதல் நோயாளி உள்ளே வருவதற்கு முன்னால் லினாக் (லீனியர் ஆக்சிலரேட்டர்) சரியான அளவில் கதிர்வீச்சு தருகிறதா என்று பார்த்தாக வேண்டும். தினசரிச் சோதனையில் 3 சதவீதத்துக்கு மேல் விலகினால் காரணம் தெரியும்வரை சிகிச்சை தொடங்காது. அதைவிட நுணுக்கமான அளவீடும் உண்டு. ஒரு தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதில் 10 செ.மீ. ஆழத்தில் அயனியாக்க அறையை (கதிர்வீச்சை அளக்கும் சிறு கருவி) வைத்து, அது சேகரிக்கும் மின்னூட்டத்திலிருந்து டோஸைக் கணக்கிடுவோம், அன்றைய வெப்பநிலைக்கும் காற்றழுத்தத்துக்கும் திருத்தம் போட்டு. ஏன் தண்ணீர் என்றால், நம் உடம்பின் மென்திசு கதிர்வீச்சை உறிஞ்சும் விதம் கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரிதான். மீதி நேரம் ட்ரீட்மென்ட் ப்ளான்: கட்டிக்கு முழு டோஸ் போக வேண்டும், ஒட்டி இருக்கும் தண்டுவடம் பிழைக்க வேண்டும். எந்தக் கோணத்திலிருந்து எவ்வளவு என்று மாற்றி மாற்றிப் பார்ப்போம், டாக்டர் ஒப்புக்கொள்ளும்வரை.

வெறும் பி.எஸ்சி. போதாது. மருத்துவ இயற்பியலில் முதுகலை, அதற்குமேல் மருத்துவமனையில் மேற்பார்வையோடு பயிற்சி, பெரும்பாலான நாடுகளில் உரிமத் தேர்வு அல்லது பதிவு, இப்படித்தான் போகும். சாதாரண எம்.எஸ்சி. சேர்ந்துவிட்டு அப்புறம் மாறிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், பல இடங்களில் அது வீண் சுற்று. இன்னொன்று, சாயங்காலம் நோயாளிகள் கிளம்பிய பிறகுதான் எந்திரம் நமக்குக் கிடைக்கும். வீட்டில் இருப்பவர்களுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

மஞ்சள் விளக்கு:
லேப் பிடிக்கும், அதிலும் ஒளியியல் பிடிக்கும் என்றால் சிப் தயாரிப்பைப் பார்க்காமல் விடாதீர்கள். "இயற்பியலாளர்" என்று தேடினால் அகப்படவே அகப்படாது. பிராசஸ் இன்ஜினியர், லித்தோகிராஃபி (ஒளியால் அச்சிடுவது) இன்ஜினியர், மெட்ராலஜி (அளவியல்), தின் ஃபிலிம் (மெல்லிய படலம்), வேக்யூம் (வெற்றிடம்), இப்படித் தேடுங்கள்.

எந்த அளவுக்கு இது இயற்பியல் என்பதற்கு ஒரு உதாரணம். இப்போதைய உச்சகட்ட சிப்களில் மிக நுண்ணிய அடுக்குகளை அச்சிடும் ஈயுவி (அதீத புற ஊதா) ஒளியின் அலைநீளம் 13.5 நானோமீட்டர். அதைக் காற்றே விழுங்கிவிடும், அதனால் பாதை முழுக்க வெற்றிடம். கண்ணாடியும் விழுங்கிவிடும், ஆகவே லென்ஸே கிடையாது, மாலிப்டினமும் சிலிக்கானும் மாற்றி மாற்றி அடுக்கிய ஆடிகள்தான். ஒளி எங்கிருந்து வருகிறது என்றால், உருகிய தகரத் துளிகள் விழ விழ லேசரால் சுட்டு, அந்தப் பிளாஸ்மாவிலிருந்து! பாடப்புத்தகத்தில் தனித்தனி அத்தியாயமாக இருந்ததெல்லாம் ஒரே எந்திரத்துக்குள் இருக்கிறது.

சரி, தினமும் அதைத் தொட்டுக்கொண்டா இருப்பேன்? இல்லை. ஒரு அடுக்கின் தடிமன் சில வேஃபர்களில் (சிப் செய்யும் சிலிக்கான் தகடு) மட்டும் ஓரத்தில் கூடுகிறது, ஏன்? வாயு ஓட்டமா, வெப்பநிலையா, அளக்கும் கருவியே பொய் சொல்கிறதா? எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றாமல், சோதனைகளைத் திட்டமிட்டு நடத்தி, புள்ளியியலை வைத்துக் காரணத்தைப் பிடிப்பதுதான் வேலை. நேர்முகத் தேர்விலும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைக் கேட்க மாட்டார்கள், உங்கள் ப்ராஜெக்டில் பிழைக்கோடு (அளவீடு எவ்வளவு விலகலாம் என்று காட்டும் கோடு) எப்படிப் போட்டீர்கள் என்று கேட்பார்கள். ஷிப்டு உண்டு, உடல் முழுக்க மூடும் உடை உண்டு, எந்திரம் நின்றால் ராத்திரியிலும் போன் வரும்.

நாலாவது தசமம்:
மேலே இருப்பவர்கள் ஆசை காட்டுவது இருக்கட்டும், கோடிங்கை இவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள். நிதிச் சந்தையில் ஆப்ஷன் ஒப்பந்தங்களுக்கு விலை கணக்கிட 1973-இல் வந்த பிளாக்-ஷோல்ஸ் சமன்பாட்டை மாறிகளை மாற்றி எழுதினால் நீங்கள் படித்த வெப்பப் பரவல் சமன்பாடுதான் வரும், துகள் இயற்பியல் படித்தவர்களை எல்லாம் நிதித்துறை அள்ளிக்கொண்டு போனதற்கு இதுவும் ஒரு காரணம். நான் இருப்பது காப்பீட்டுத் தரவு. நாள் முழுக்க இரைச்சலில் இருந்து சிக்னலைப் பிரிப்பது, அவ்வளவுதான். இயற்பியலை விட்டு வந்துவிட்டோமே என்ற ஏக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் "சுமாராகத் தெரியும்" செல்லுபடியாகாது, எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்கும் மொழி) கட்டாயம் வேண்டும்.

எதிரொலி:
யாரும் சொல்லாத ஒன்று, என்டிடி, அதாவது உடைக்காமல் சோதிப்பது. பற்றவைத்த குழாய், விமானச் சிறகு, கொதிகலன், இவற்றுக்குள் விரிசல் இருக்கிறதா என்று மீயொலி, சுழல் மின்னோட்டம், எக்ஸ்ரே வைத்துப் பார்க்கிறோம். சான்றிதழ் மூன்று நிலை. முதல் இரண்டுக்குப் பயிற்சியும் குறிப்பிட்ட கால அனுபவமும் போதும், முதுகலை தேவையில்லை. வெயில், உயரம், புழுதி எல்லாம் உண்டு, மேஜை வேலை என்று வந்துவிடாதீர்கள்.

மங்கலான வளையம்:
எல்லாருக்கும் நன்றி. சிப் பக்கம்தான் மனசு போகிறது. அதற்கு எம்.எஸ்சி. இயற்பியலா, இல்லை மெட்டீரியல்ஸ், ஃபோட்டானிக்ஸ் (ஒளித் தொழில்நுட்பம்) மாதிரி ஏதாவதா?

மஞ்சள் விளக்கு:
பட்டத்தின் பெயரைவிட லேப் யாருடையது என்று பாருங்கள். அங்கே வேக்யூம் சேம்பர், ஸ்பட்டரிங் (மெல்லிய படலம் பூசும் கருவி), எலெக்ட்ரான் நுண்ணோக்கி இருக்கிறதா, முதுகலை மாணவர் தன் கையாலேயே இயக்க விடுவார்களா, இல்லை டெக்னீசியனிடம் சாம்பிளைக் கொடுத்துவிட்டு ரிப்போர்ட் வாங்க வேண்டியதுதானா? சேர்வதற்கு முன்னால் அங்கே படிக்கும் சீனியருக்கு ஒரு மெயில் போட்டு இதை மட்டும் கேளுங்கள், பேராசிரியரிடம் கேட்டால் எல்லாம் இருக்கிறது என்றுதான் சொல்வார். இரண்டு இடம் சமமாக இருந்தால் ஃபோட்டானிக்ஸ் எடுங்கள், சிப் சரிவராவிட்டாலும் லேசர், ஃபைபர், கேமரா சென்சார் பக்கம் போகலாம்.